ரெண்டு வருஷக் காத்திருப்பும் வண்டு விழுந்த தானியமும்

டிஸ்கி: வீல் ஆஃப் டைம் புத்தகங்களை வாங்கி அலமாரியில அடுக்கி வச்சுட்டு "படிக்கணும், படிக்கணும்"னு சொல்லிட்டு இருக்கவங்க இந்தப் பதிவை அப்படியே மூடிட்டு, படிச்சு முடிச்சப்புறம் வாங்க. பல முடிச்சுகளை அவிழ்க்காம இதை எழுத முடியல. பதிவு கொஞ்சம் நீளம். பேசப்போற கதை 44 லட்சம் வார்த்தை, அதனால பொறுத்துக்கங்க :-)

போன மாசம் ஆபீஸ் கேன்டீன்ல எனக்கும் எங்க லீடுக்கும் சண்டை. ப்ராஜக்ட் பத்தி இல்லீங்க, ஒரு மூட்டை தானியத்தைப் பத்தி.

எங்க லீடு விருதுநகர் பக்கம். வயசு நாப்பத்தஞ்சைத் தாண்டிட்டாரு. நான் அண்ணேன்னு கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பின்னு. தயிர்சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "வீல் ஆஃப் டைம் எல்லாம் ஒரு ஏமாத்து வேலை தம்பி. நல்லாத்தான் ஆரம்பிச்சான், அப்புறம் காசுக்காக இழுத்தான்"னு சொன்னாரு. நான் காலேஜ் ஹாஸ்டல்ல மொத்தத் தொடரையும் ஏழு மாசத்துல முடிச்சவன். மூணாவது செமஸ்டர்ல ரெண்டு அரியர் விழுந்ததுக்கு அந்தக் கதைதான் காரணம். சும்மா விடுவேனா?

"எந்தப் புக்குல இழுத்தாரு, சொல்லுங்க"ன்னேன்.

"பத்தாவது. க்ராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட். 2003 ஜனவரி. நியூ ஜெர்சியில முழங்கால் அளவு பனி. ஆன்சைட்ல இருந்தேன், கையில காசு இல்ல, இருந்தும் கெட்டி அட்டைப் பதிப்பு வாங்கினேன். ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருந்து வாங்கினா, உள்ள என்ன இருக்கு? பெர்ரின் ஒரு ஊருக்குப் போறான், தானியம் வாங்க. தானியத்துல வண்டு விழுந்திருக்கு. உக்காந்து புடைக்கிறாங்க. எங்க ஆத்தா வீட்டுல பார்க்காததா தம்பி?"

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, இன்னொரு பக்கம் கடுப்பு. நான் அந்தப் புத்தகத்தை நாலு நாள்ல படிச்சேன். வண்டு வந்தது ஞாபகம் இருக்கு. போரடிச்ச ஞாபகம் சுத்தமா இல்ல. ஒரே புக்கு, ஒரே பக்கங்கள். அவர் அதோட தொடரையே தூக்கிப் போட்டுட்டாரு, அதுக்கப்புறம் வந்த ஒண்ணையும் தொடல. நான் அடுத்ததைத் திறந்துட்டேன், அவ்வளவுதான். யாரு சொல்றது சரின்னு அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதைத்தான் இங்க கொட்டப்போறேன்.

முதல்ல எழுதின மனுஷன். ராபர்ட் ஜோர்டான்ங்கிறது புனைபெயர். நிஜப் பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி ஜூனியர். 1948ல அமெரிக்காவுல தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டன்ல பிறந்தவர். வியட்நாம் போர்ல ரெண்டு தடவை போய் ஹெலிகாப்டர்ல துப்பாக்கி இயக்கினவர், பதக்கம் எல்லாம் வாங்கியிருக்காரு. திரும்பி வந்து தி சிட்டடெல்ல இயற்பியல் படிச்சு, அமெரிக்கக் கடற்படைக்கு அணுசக்தி இன்ஜினியரா வேலை பார்த்தாரு. (ஆமாங்க, நம்ம சாதி. பொட்டி தட்டுறவன் எல்லாம் கதை எழுதலாம்னு ஒரு நப்பாசை எனக்கு வந்தது இதைப் படிச்சப்புறம்தான்.) அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப கையில கிடைச்சதை எல்லாம் படிச்சுத் தள்ளி, "இதை விட நான் நல்லா எழுதுவேன்"னு தோணி 1977ல எழுத ஆரம்பிச்சதா சொல்லுவாங்க. 80கள்ல கோனன் நாவல் ஏழு எழுதினாரு. பொண்டாட்டி ஹாரியட் மெக்டூகல்தான் அவரோட எடிட்டர். டோர் பதிப்பகத்துல பெரிய கை.

வீல் ஆஃப் டைமோட முதல் புக்கு ஐ ஆஃப் த வேர்ல்ட் 1990 ஜனவரியில வந்தது. அதே வருஷம் நவம்பர்ல ரெண்டாவது. 91, 92, 93, 94ன்னு வருஷத்துக்கு ஒண்ணு. அஞ்சு வருஷத்துல ஆறு தலையணை! பதிப்பாளர் டாம் டோஹர்ட்டி ஆரம்பத்துல போட்ட ஒப்பந்தமே ஆறு புக்குக்குத்தான். மனுஷன் அதை விடக் கம்மியாத்தான் திட்டம் போட்டிருந்தாரு, பதிப்பாளருக்கு ஆளைத் தெரியும், அதனால ஆறு போட்டாராம். கடைசியில வந்தது பதினாலு, முன்கதை ஒண்ணு தனி. நம்ம க்ளையன்ட் ப்ராஜக்ட் எல்லாம் எவ்வளவோ பரவாயில்ல.

அந்த ஆறையும் சுடச்சுடப் படிச்சவங்களோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஆறாவது புக்கு லார்ட் ஆஃப் கேயாஸ் முடிவுல ராண்டைப் பிடிச்சு ஒரு பெட்டிக்குள்ள அடைச்சு, வெளிய எடுத்து அடிச்சு, திரும்ப அடைச்சு தூக்கிட்டுப் போறாங்க. டூமாய்ஸ் வெல்ஸ்னு ஒரு இடத்துல சண்டை நடந்து மீட்கிறாங்க. அந்தச் சண்டையைப் படிச்சுட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. அடுத்த புக்கு அடுத்த வருஷம் வந்துடும்னு பழகின வாசகனுக்கு, அங்கிருந்து இடைவெளி கூட ஆரம்பிச்சது. ஏழாவது 1996, எட்டாவது 1998, ஒன்பதாவது 2000, பத்தாவது 2003.

இடைவெளி கூடினது மட்டும் பிரச்சனை இல்ல. வந்த புக்குல தனக்குப் பிடிச்ச ஆள் இருப்பானான்னே நிச்சயம் இல்ல. மேட் கதையை எடுத்துக்கங்க. சூதாடி, வாய்க்கொழுப்பு, ரசிகர் கூட்டம் அவனுக்குத்தான் ஜாஸ்தி. 1996ல வந்த க்ரவுன் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் கடைசியில அவன் மேல ஒரு சுவர் இடிஞ்சு விழுது. பிழைச்சானா, செத்தானா? 1998ல பாத் ஆஃப் டாகர்ஸ் வருது. அதுல மேட் இல்லவே இல்ல. ஒரு பக்கத்துல கூட இல்ல. 2000 நவம்பர்ல விண்டர்ஸ் ஹார்ட் வந்தப்புறம்தான் அவனுக்குக் கால் உடைஞ்சதும் உயிரோட இருக்கறதும் தெரியுது. நாலரை வருஷம்! எனக்கு? அந்த எட்டாவது புக்கைப் புரட்ட ஒரு வாரம் ஆச்சு. "மேட் எங்கடா"ன்னு ரூம்மேட்டைக் கேட்டேன், "அடுத்ததுல வருவான், பேசாமப் படி"ன்னான். முடிஞ்சது.

அதே மாதிரி பெர்ரினோட மனைவி ஃபயீல். எதிரிக் கூட்டம் அவளைப் பிடிச்சுட்டுப் போறது 1998 அக்டோபர்ல வந்த புக்குல. அவளை மீட்கிறது 2005 அக்டோபர்ல. கதைக்குள்ள என்னவோ சில மாசங்கள்தான். வெளிய ஏழு வருஷம். அவள் சிறைப்பட்டப்ப பிறந்த குழந்தை, மீண்டப்ப ரெண்டாங்கிளாஸ் போயிருக்கும். இந்த ஏழு வருஷமும் பெர்ரின் பண்ற ஒரே வேலை அவளைத் தேடறது. "அவன் நல்லவன்தாம்பா, ஆனா ஏழு வருஷமா ஒரே புலம்பல்"னு அண்ணன் சொன்னப்ப என்னால மறுக்க முடியல.

இப்ப பத்தாவது புக்குக்கு வருவோம். நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் அங்க என்ன நடந்ததுன்னா, ஒன்பதாவது புக்கோட முடிவுல தொடர்லயே ரொம்பப் பெரிய காரியம் ஒண்ணு நடக்குது. ஆண்கள் பயன்படுத்துற மந்திர சக்தியில மூவாயிரம் வருஷமா ஊறியிருந்த விஷத்தை ராண்டும் நைனீவும் சேர்ந்து கழுவி எடுக்குறாங்க. உலகத்துல மந்திர சக்தி உள்ள ஒவ்வொருத்தருக்கும் தூரத்துல ஒரு சூரியன் எரியற மாதிரி அது தெரியுது. படிக்கிறவன் நாற்காலி நுனியில. அடுத்து என்ன?

அடுத்து ஜோர்டான் பண்ணின காரியம் பின்னாடி போனது. அந்த நாள்ல பெர்ரின் என்ன பண்ணிட்டு இருந்தான், மேட் எங்க இருந்தான், எலேய்ன், எக்வீன் என்ன பண்ணினாங்கன்னு ஒவ்வொருத்தர் கதையையும் கொஞ்ச நாள் முன்னாடி இருந்து எடுத்துட்டு வந்து அதே நிமிஷத்துல நிறுத்துறாரு. தூரத்துல வெளிச்சம் தெரியுது, "அது என்ன?"ன்னு எல்லாரும் திரும்பிப் பார்க்கிறாங்க. திரும்பத் திரும்ப. நம்ம பாஷையில சொன்னா, எல்லாத் த்ரெட்டும் ஒரு இடத்துல வந்து சேர்ந்தாச்சு. அதுக்கப்புறம் மேற்கொண்டு ஓடாம, ஒவ்வொரு த்ரெட்டோட லாக் ஃபைலையும் முதல்லேர்ந்து திறந்து காட்டின மாதிரி. ராண்ட் அந்தப் புக்குல பேருக்கு எட்டிப் பார்த்துட்டுப் போறான். யோசனையா பார்த்தா தப்பான யோசனை இல்ல. ரெண்டு வருஷம் காத்திருந்தவன் கையில கொடுக்கத்தான் தப்பான புக்கு. ஜோர்டானே பின்னாடி அதை ஒரு சோதனை முயற்சின்னும், தான் நினைச்ச மாதிரி அது அமையலைன்னும் ஒத்துக்கிட்டாரு. ஒரு எழுத்தாளர் அதைச் சொல்றது லேசு இல்ல.

ரசிகர்கள் இந்த நடுப்பகுதிக்கு "ஸ்லாக்"னு பேரே வச்சுட்டாங்க. சேத்துல கால் புதைஞ்சு நடக்கற நடை. அது எந்தப் புக்குல ஆரம்பிக்குதுங்கறதுல இன்னைக்கும் அடிதடி. ஏழுன்னு ஒரு கோஷ்டி, எட்டுன்னு ஒரு கோஷ்டி, பத்து மட்டும்தான்னு என்னை மாதிரி சில பேர். அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ஒரு தீவிரவாத கோஷ்டியும் இருக்கு. அவங்க பெரும்பாலும் 2013க்கு அப்புறம், மொத்தமும் வெளிவந்தபிறகு படிச்ச பசங்க.

சரி, அண்ணனோட குற்றச்சாட்டு "காசுக்காக". அவர் பக்கம் ஆதாரம் இல்லாம இல்ல. விண்டர்ஸ் ஹார்ட், க்ராஸ்ரோட்ஸ் ரெண்டுக்கும் முன்னுரை அத்தியாயத்தை மட்டும் தனியா மின்நூலா முன்கூட்டியே காசுக்கு வித்தாங்க. 2002ல முதல் புக்கையே ரெண்டா வெட்டி சின்னப் பசங்களுக்குன்னு போட்டாங்க. மெயின் கதை நட்டாத்துல நிக்கிறப்ப 2004ல நியூ ஸ்ப்ரிங்னு ஒரு முன்கதை, அதுவும் 1998ல வந்த ஒரு குறுநாவலை நீட்டினது. எல்லாத்துக்கும் மேல, நியூயார்க் டைம்ஸ் பட்டியல்ல தொடர் முதல் இடத்துல வந்து உக்கார ஆரம்பிச்சதே எட்டாவது புக்குல இருந்துதான். கதை நொண்ட ஆரம்பிச்ச அதே இடத்துல வியாபாரம் உச்சத்துக்குப் போகுது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

நானும் ஒரு ராத்திரி முழுக்க கிட்டத்தட்ட அண்ணன் கட்சிக்கே போயிட்டேன். ஆனா ஒண்ணு இடிச்சது. காசுக்கு இழுக்கிறவன் வேகமா எழுதுவான். வருஷத்துக்கு ஒண்ணு போட்டவன் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னு ஏன் மாறணும்? ரெண்டாயிரத்துக்கும் மேல பெயருள்ள பாத்திரங்கள் இருக்கிற கதை அது. முதல் புக்குல எல்லாரும் ஒண்ணாக் கிளம்புறாங்க, ஒரே கதை. நாலாவது புக்குல மூணு நாலு திசையில பிரியறாங்க. எட்டு, ஒன்பது வர்றப்ப ஒவ்வொரு திசையிலயும் ஒரு நாடு, அதுக்கு ஒரு அரசியல், அதுக்குள்ள துரோகி ரெண்டு பேரு. ஒவ்வொருத்தரையும் ஒரு அடி நகர்த்தினாலே ஒரு புக்கு தீர்ந்துடும். கோடு வளர வளர ஒரு சின்ன மாற்றத்துக்கு ஒரு வாரம் ஆகுமில்ல, அதே வியாதி. "பொண்டாட்டியே எடிட்டர், யாரு வெட்டுவா?"ன்னு ஒரு கிண்டலும் உண்டு. முதல் ஆறு புக்கையும் வெட்டினது அதே ஹாரியட்தாங்க. அப்ப யாரும் குறை சொல்லல.

இழுவைன்னு சண்டை போட்டவங்க பாதிப் பேர் உண்மையில பாத்திரங்களைப் பத்தித்தான் சண்டை போட்டாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம். பிடிச்ச ஆள் வந்தா நூறு பக்கம் குளிச்சாலும் படிப்போம். பிடிக்காத ஆள் சண்டையே போட்டாலும் இழுவைதான். நைனீவ் இருக்காளே, கோபம் வந்தா ஜடையைப் பிடிச்சு இழுக்கிறவ. அவ எத்தனை தடவை ஜடையை இழுத்தா, பெண்கள் எல்லாரும் எத்தனை தடவை பாவாடையை நீவி விட்டாங்கன்னு எண்ணினவங்களே உண்டு. ஆரம்பத்துல அவளைத் திட்டாத ஆளே கிடையாது. ஜோர்டானுக்குப் பொண்ணுங்களை எழுதத் தெரியல, எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே மூக்குறிஞ்சல்னு ஒரு கட்சி. ஆண்களும் அப்படித்தானே இருக்கானுங்க, "பொண்ணுங்க மனசு அவனுக்குத்தான் புரியும்"னு மூணு பேருமே மத்த ரெண்டு பேரைப் பத்தி நினைச்சுக்கிட்டுத் திரியறதுதானே நகைச்சுவைன்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டுக்கும் நடுவுல. நகைச்சுவைதான், ஆனா பத்து புக்குக்கு அது தாங்காது.

வாசகன் மாறினா சண்டையும் மாறும்கிறதுக்கு ஒரு உதாரணம். ஏழாவது புக்குல டைலின்னு ஒரு ராணி, கத்தியைக் காட்டி மேட்டைப் படுக்கைக்கு இழுக்கிறா. 1996ல அதைக் காமெடியாத்தான் எழுதியிருக்காரு, நிறைய பேர் சிரிச்சுட்டுத்தான் போனாங்க. பொம்பளைப் பொறுக்கிக்குப் பாடம்னு. பின்னாடி வந்தவங்க சிரிக்கல. ஆள் மாத்திப் போட்டுப் பாருங்க, அதுக்குப் பேரு வன்புணர்வுதானேன்னு கேட்டாங்க. நான் முதல்ல படிக்கறப்ப சிரிச்சவன்தான். ரெண்டாவது தடவை அந்தப் பக்கத்துல மேட் அழறது கண்ணுல பட்டுச்சு. அது முதல் தடவையும் அங்கதான் இருந்திருக்கு.

அப்புறம் அந்தக் கொலை. இதைச் சொல்லாம வீல் ஆஃப் டைம் சரித்திரமே கிடையாது. 1993ல அஞ்சாவது புக்கு முடிவுல அஸ்மோடியன்னு ஒருத்தன் கதவைத் திறக்கிறான், உள்ள இருக்கறவங்களைப் பார்த்து "நீயா?"ங்கிறான், செத்துப் போறான். யாரு கொன்னது? சொல்லல. கூர்ந்து படிச்சா தானா விளங்கும்னு ஜோர்டான் ஒரு தடவை சொல்லப் போக, யூஸ்நெட் காலத்துல ஆரம்பிச்சு பதினேழு வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. பக்கம் பக்கமா பட்டியல், அலிபி, நேரக் கணக்கு. யாராவது நேர்ல போய்க் கேட்டா அவர் பதில் ஒண்ணே ஒண்ணு: படிச்சுத் தெரிஞ்சுக்கோ. 2010ல வந்த பதிமூணாவது புக்குல பதில் வந்தது. கதையில இல்ல, கடைசியில இருக்கற பெயர் அகராதியில. கிரேண்டல்ங்கற பேருக்கு எதிர்ல போற போக்குல ஒரு வரி. அவ்வ்வ்வ். ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு எழுபது வருஷமா பேசிட்டு இருக்கற நமக்கு இந்த வலி புரியும். நமக்கு அந்த அகராதி வரியும் கிடைக்கல :-)

சரி, வண்டுக்குத் திரும்ப வர்றேன். அண்ணன்கிட்ட சொல்லணும்னு அந்தப் பத்தாவது புக்கைத் திரும்ப எடுத்தேன். ஸோ ஹேபர்ங்கற அந்த ஊர், அழுக்குப் பிடிச்ச ஜனங்க, செத்தவங்க நடமாடற தெரு, தானியத்துல வண்டு. அண்ணன் அதோட நிறுத்தியிருக்காரு போல. கொஞ்சம் தாண்டினா இன்னொண்ணு இருக்கு. ஃபயீலைக் கடத்தின கூட்டத்துல சில பேரைப் பிடிச்சு வச்சு விசாரிக்கிறாங்க, ஒருத்தனும் வாய் திறக்கல. தொடர் முழுக்க எறும்புக்குக் கூட யோசிச்சுக் கால் வைக்கிற பெர்ரின், கோடாலியை எடுத்து ஒருத்தன் கையை வெட்டுறான். நிதானமா. சொல்லலைன்னா அடுத்த கை, அடுத்த கால்னு சொல்றான். அப்புறம் தனியா நடந்து போய் அந்தக் கோடாலியைக் காட்டுக்குள்ள எறிஞ்சுட்டு வந்துடறான். மூணாவது புக்குல இருந்து கோடாலியா சுத்தியலான்னு அவன் மனசுக்குள்ள நடந்துட்டு இருந்த வழக்கு அங்க முடியுது. அந்த ஏழு வருஷப் புலம்பல் எதுக்குன்னு எனக்கு அங்கதான் விளங்குச்சு. அவ்வளவு நேரம் அவனைப் புழுங்க விடலைன்னா அந்தக் கை வெட்டு நமக்கு வலிக்காது.

இதை எழுதினவர் யாருங்கறது அப்பத்தான் உறைச்சது. வியட்நாம்ல தனக்கு ரெண்டு பட்டப்பேர் இருந்ததா ஜோர்டான் எழுதியிருக்காரு. ஒண்ணு கணேசா. நம்ம பிள்ளையாரேதான், விக்கினம் தீர்க்கிறவர்ங்கற அர்த்தத்துல. இன்னொண்ணு ஐஸ்மேன். அது அவருக்குப் பிடிக்கல. ஒரு போட்டோவைப் பத்திச் சொல்றாரு. பக்கத்துல செத்துக் கிடக்கிற எதிரிச் சிப்பாய்கள், நடுவுல உக்காந்து ஒரு இளைஞன் டப்பாச் சாப்பாடு சாப்பிட்டுட்டு இருக்கான், முகத்துல ஒண்ணுமே இல்ல. அந்த இளைஞன் அவர்தான். அவனை அங்கேயே கொன்னு புதைச்சுட்டுத்தான் ஊர் திரும்பினேன்னு எழுதியிருக்காரு. பெர்ரின் எறிஞ்ச கோடாலி வேற எதுவா இருக்கும்? ராண்ட் தனக்காகச் செத்த பெண்கள் பேரை எல்லாம் மனசுக்குள்ள வரிசையாச் சொல்லிச் சொல்லிக் கல்லா மாறிட்டு வர்றானே, அதுவும் அந்தப் போட்டோதான். இது என் ஊகம். ஆனா இந்த ஊகத்தோட நடு நாலு புக்கையும் புரட்டினா அது வேற கதையா இருக்கு.

2005 அக்டோபர்ல பதினொண்ணாவது, நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ். பழைய வேகம் திரும்பிடுச்சு. ஃபயீல் மீட்பு, எலேய்ன் அரியணை, மேட் கல்யாணம், எல்லாம் படபடன்னு முடியுது. அடுத்ததுதான் கடைசி, எவ்வளவு குண்டா வந்தாலும் ஒரே புக்கு, தூக்கிட்டுப் போக தள்ளுவண்டி வேணும்னாலும் சரின்னு அறிவிச்சாரு. 2006 மார்ச்ல இன்னொரு அறிவிப்பு. அமிலாய்டோசிஸ்னு அரிய வியாதி, இதயத்தைத் தாக்கியிருக்கு. சிகிச்சை எடுத்தாலும் சராசரியா நாலு வருஷம்னு டாக்டர்கள் சொல்றாங்க. மனசுல இருக்கறதை எல்லாம் எழுதி முடிக்க முப்பது வருஷம் வேணும், அதுதான் என் குறைந்தபட்ச இலக்குன்னு அந்தக் கடிதத்துலயே எழுதினாரு. 2007 செப்டம்பர் 16ல போயிட்டாரு. வயசு 58. நியூ ஸ்ப்ரிங் மாதிரி இன்னும் ரெண்டு முன்கதை திட்டத்துல இருந்தது, எழுதப்படவே இல்ல.

கடைசி மாசங்கள்ல கதையோட முடிவை வீட்டு ஆட்களைச் சுத்தி உக்கார வச்சு வாயாலயே சொல்லியிருக்காரு. கடைசிக் காட்சியை அவரே எழுதியும் வச்சிருந்தாரு. பிராண்டன் சாண்டர்சன்னு ஒரு இளம் எழுத்தாளர், பள்ளிக்கூட வயசுல இருந்து இந்தத் தொடரோட ரசிகர், அவர் எழுதின அஞ்சலியைப் படிச்சுட்டு ஹாரியட் அவரைக் கூப்பிட்டாங்க. அவர் கைக்கு வந்தது காட்சிகளும் குறிப்புமா சுமார் 200 பக்கம். தள்ளுவண்டி புக்கு மூணு புக்கா ஆச்சு: 2009, 2010, கடைசி 2013 ஜனவரி. அமேசான் 2021ல சீரியலா எடுத்து, மூணு சீசனோட 2025ல நிறுத்தினதைப் பத்தி இங்க பேசப்போறதில்ல. அது தனிப் பதிவு, தனி ஒப்பாரி.

அடுத்த வாரம் இதையெல்லாம் அண்ணன்கிட்ட ஒப்பிச்சேன். வண்டு, கோடாலி, போட்டோ, எல்லாம். அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு: "நீ சொல்றது சரிதான் தம்பி. ஆனா நீ நாலு நாள்ல படிச்ச. அந்த ஆளு உயிரோட இருந்தப்ப நான் காத்திருந்தேன். வாங்கிப் படிச்சுட்டு அவரைத் திட்டி நாலு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன், ஊரே பார்க்கிற மாதிரி. சீக்கிரம் முடிச்சுத் தொலைய்யான்னு. அவரு செத்தது எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அவர் திட்டினது நியாயமில்லன்னு சொல்ல முடியுமா? ரெண்டு வருஷம் காத்திருந்தது அவரு. எனக்கு அது காத்திருக்காமக் கிடைச்சது. நான் ரசிச்ச அந்த நாலு நாள், அவர் மாதிரி ஆட்கள் பதினேழு பதினெட்டு வருஷம் பொறுமினதுக்கு அப்புறம் கிடைச்ச வசதி. அவங்க திட்டினதும், வாங்கினதும், அடிச்சுக்கிட்டதும் சேர்ந்துதான் பதினாலாவது புக்கு வரைக்கும் வண்டி ஓடியிருக்கு.

மறுநாள் என் நைஃப் ஆஃப் ட்ரீம்ஸைக் கொண்டு போய் அவர் டேபிள்ல வச்சேன். "வேணாம் தம்பி, ஆளுங்க பேரெல்லாம் மறந்து போச்சு"ன்னாரு. வச்சுட்டு வந்துட்டேன். மூணு வாரம் ஒண்ணும் பேசல, நானும் கேட்கல. போன வியாழக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு மெசேஜ்: "தம்பி, இருபதாவது அத்தியாயம். இந்த ஜடைக்காரிய நான் எத்தனை வருஷம் திட்டியிருப்பேன்."

படிச்சவங்களுக்கு எந்த இடம்னு தெரியும். தன் புருஷன் லேன் தனியா சாகக் கிளம்புறான்னு தெரிஞ்சதும், நைனீவ் அவனைத் தடுக்காம, அவனுக்குத் தெரியாம ஊர் ஊராப் போய் அவன் பின்னாடி போக ஆட்களைக் கூட்டுற இடம்.

வெள்ளிக்கிழமை கேதரிங் ஸ்டார்மை எடுத்துட்டுப் போனேன். வாங்கி அட்டையைப் பார்த்தாரு. மேல ராபர்ட் ஜோர்டான், கூடவே பிராண்டன் சாண்டர்சன். ரெண்டாவது பேரு மேல கட்டை விரலை வச்சு மறைச்சுப் பார்த்தாரு, எடுத்தாரு. "ஸ்டாண்ட்-அப் மீட்டிங் பதினொண்ணுக்குத் தள்ளி வை தம்பி"ன்னுட்டு சீட்டுக்குப் போயிட்டாரு.